இடுப்புக்கு மேலே ஒரு சாம்பியன்

பூமாலையைப் படைத்துக்கொண்டிருந்தபோது பிரம்மாவுக்குச் சாமான் பாதியில் தீர்ந்துபோயிருக்க வேண்டும். தலையிலிருந்து இடுப்பு வரை தாராளமாகச் செலவழித்தவர், அதற்குக் கீழே கஞ்சத்தனத்தில் இறங்கிவிட்டார். கழுத்து எருமைக்கடாவின் கழுத்து. தோளுக்கு ஒரு பிள்ளையாக உட்காரவைத்து ஊரைச் சுற்றி வரலாம். கடலை மூட்டையைக் கட்டிப்பிடித்து ஒரே மூச்சில் வண்டிக்கு ஏற்றுவான். இவ்வளவையும் தாங்க வாய்த்தவை ஆமணக்குக் குச்சி மாதிரி இரண்டு கால்கள். அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அவன் ஊரில், உழும்போதுகூட வேட்டியை மடித்துக் கட்டாத ஒரே விவசாயி அவன்தான்.

இப்படிப்பட்டவனுக்குக் குஸ்தி ஆசை வந்தது. கால் உள்ளவர்களுக்கெல்லாம் வேறு வேறு ஆசைகள் இருந்த ஊரில் இவனுக்கு மட்டும் ஏன் அப்படி வந்தது என்பதற்குச் சான்றோர் யாரும் விளக்கம் எழுதி வைக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் கல்லங்குறிச்சித் தேர் நிலைக்கு வந்த மறுநாள், மிராசுதார் அமிர்தலிங்கம் தன் களத்துமேட்டில் மண்ணைக் கொத்திக் கோதா போடுவார். நம் பக்கத்துக் குஸ்திக்கு இருந்த விதி ஒன்றுதான்: எவன் முதுகு மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். முதுகு எப்படி மண்ணுக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மீசை முளைத்த வருஷத்திலிருந்து பூமாலை கோதாவில் இறங்கினான். எவனாவது ஒருவன் குனிந்து ஆமணக்குக் குச்சியைப் பிடித்து இழுப்பான். அரச மரம் சாயும். அந்த அளவில் போட்டி முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் அவனைச் சாய்த்தவன் வரதராஜன்பேட்டை வண்டிக்காரன் தர்மன். குள்ளன், பாவம், நல்லவன். அந்தக் கூட்டத்தில் ஜெயலட்சுமி என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பூமாலைக்குப் பேசி முடித்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. தனக்கு வரப்போகிற புருஷனை அவள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது, அவன் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தபோதுதான். கல்யாணம் நிற்கவில்லை. நம் ஊர்களில் அதற்கெல்லாம் கல்யாணம் நிற்பதில்லை.

மறு வருஷம் அரியலூர் ரயிலடிக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள். மார்பை மட்டும் நாடா வைத்து அளந்தார்கள். காலைக் குனிந்து பார்க்கவில்லை. தன்னைச் சரியாக எடைபோட்டது பிரிட்டிஷ் சர்க்கார் ஒன்றுதான் என்று பூமாலை பின்னாளில் சொல்வான். பதுங்குகுழி வெட்டுகிற படையில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"குழி வெட்டத்தான் கூப்புடுறாங்கன்னா நம்ம காட்டுலயே வெட்டலாமேங்க" என்றாள் ஜெயலட்சுமி.

"அது வேற குழி, புள்ள" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

கப்பல் அவனை எகிப்துக்குக் கொண்டுபோயிற்று. லாரி பாலைவனத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கே டோப்ரூக் என்ற துறைமுகத்தில் அவன் வெட்டிய குழி மிகவும் நேர்த்தியாக இருந்ததால் பகைவர்கள் அவனை அதிலேயே வந்து பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து இத்தாலியில் ஒரு கைதி முகாம். குளிர், முள்கம்பி, அரிசி மூன்றே மூன்று மிதக்கிற சூப்பு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் அவன் போர்வைக்குச் சண்டை வரும். பூமாலை அந்தச் சண்டையில் இறங்குவதில்லை; ஆனால் அவன் தோளைப் பார்த்து எல்லாரும் அவனுக்கே விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

முகாமில் பெப்பே என்று ஒரு காவல்காரன் இருந்தான். தொந்தியும் தொப்பியுமாக இருந்த அவன் ஒரு காலத்தில் தன் மாகாணத்துக்கே மல்யுத்த சாம்பியன். கைதிகளைக் காவல் காப்பது அவனுக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் முற்றத்தில் வைக்கோலைப் பரப்பி, கைதிகளை ஜோடி ஜோடியாக நிறுத்தினான். தன் இடுப்புவாரின் மேல் விரலால் கோடு கிழித்துக் காட்டினான். கோட்டுக்கு மேலே தட்டிச் சிரித்தான். கோட்டுக்குக் கீழே காட்டி விரலை ஆட்டினான்.

வெட்கப்படச் சொல்கிறானாக்கும் என்று முதலில் பூமாலை நினைத்தான். காவல்காரர்களின் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்த ஹவில்தார் ஒருவர் விளக்கினார்.

"இது கிரேக்க ரோமானியக் குஸ்தி. இடுப்புக்குக் கீழ தொடக் கூடாது. தொட்டா விசில் ஊதுவான். ரெண்டு தோளும் தரையில பட்டா தோல்வி."

"நான் தொடக் கூடாதுங்களா?"

"எவனும் தொடக் கூடாது."

"என் காலை அவன் தொட்டா?"

"அதுவும் தப்புதாம்ப்பா. காலே ஆட்டத்துல கிடையாது."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கய்யா" என்றான் பூமாலை. ஹவில்தார் சொன்னார். பூமாலை வைக்கோலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சொந்த ஊர் அவனை ஒவ்வொரு வருஷமும் குப்புறவும் மல்லாக்கவும் தள்ளிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் முன்பின் தெரியாத யாரோ சில பெரியவர்கள், அவனை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள்!

அதன்பிறகு அவனை யாரும் நிறுத்த முடியவில்லை. பஞ்சாபியர், மராத்தியர், முகாமில் இருந்த அத்தனை வீரர்களையும் மார்போடு அணைத்துத் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் தோள் படக் கிடத்தினான். கடைசியில் பெப்பேயே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவனையும் கிடத்தினான். எழுந்த பெப்பே, தன் இடுப்பிலிருந்த தோல்வாரைக் கழற்றிப் பூமாலையின் இடுப்பில் கட்டிவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே காவலுக்குப் போனான். உலக சாம்பியன்களுக்குத் தங்கத்தில் வார் கட்டுவார்களாம். அவர்களில் எவனுக்காவது தோற்றவன் தன் மானத்தைக் கழற்றிக் கொடுத்ததுண்டா?

நாற்பத்தாறில் பூமாலை ஊர் திரும்பினான். உடம்பு பாதி இளைத்திருந்தது. வேட்டிக்கு மேல் பெப்பேயின் வார். வந்ததும் மிராசுதாரைப் போய்ப் பார்த்தான்.

"இந்த வருசம் நான் எறங்குறேங்க. ஆனா சட்டப்படி ஆடணும். இடுப்புக்குக் கீழ தொடக் கூடாதுங்க."

"யாரு போட்ட சட்டம்?" என்றார் அமிர்தலிங்கம்.

"கிரேக்கரும் ரோமரும் போட்டதுங்க."

"அவங்க எந்த ஊரு?"

"கடலுக்கு அந்தாண்டங்க."

"பூமாலை, வெள்ளக்காரன் சட்டமே மூட்டை கட்டுது. நீ அவனுக்குப் பாட்டன் சட்டத்தைத் தலையில தூக்கிட்டு வர்றியே! போயி ஒடம்பைத் தேத்து. கோதாவுல பாப்போம்."

கோதாவில் பார்த்தார்கள். எதிரில் பழைய தர்மன். பூமாலை அவனை மார்போடு அணைத்துத் தூக்கினான். தர்மனின் கால்கள் காற்றில் உதைத்தன. ஒரு கால் பூமாலையின் கைக்கே வந்துவிட்டது. அதைப் பிடித்து ஒரு திருகு திருகினால் போதும். பூமாலை அந்தக் காலைப் பார்த்தான். சுடுசட்டியைத் தொட்டவன்போலக் கையை விரித்தான். கீழே இறங்கிய தர்மன் குனிந்தான். அரச மரம் சாய்ந்தது.

பூமாலை எழுந்து விசிலுக்காகக் காத்திருந்தான். விசில் வரவில்லை. ஒருவரிடமும் விசில் இல்லை.

"காலைப் புடிச்சான்! தப்பு ஆட்டம்!" என்று அவனே கத்தினான்.

"காலை ஏண்ணே கோதாவுக்குக் கொண்டாந்த? வூட்லயே வச்சுட்டு வந்திருக்கலாம்ல?" என்றான் தர்மன். களத்துமேடே சிரித்து உருண்டது.

அன்றைக்கு ஊர் கண்டுபிடித்த விஷயம் தோல்வியல்ல. அது பழைய சமாச்சாரம். கைக்கு வந்த காலை அவன் விட்டான் என்பதுதான் புதிது. அது கிணற்றடிக்குப் போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜெயலட்சுமிக்கு இன்னும் பிள்ளை இல்லை என்பதையும் கிணற்றடி மறந்துவிடவில்லை.

"ஏண்டி ஜெயலச்சுமி" என்றாள் பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாள், வாளியை இறக்கியபடி. "ஒன் வூட்டுக்காரரு இடுப்புக்குக் கீழ எதையும் தொட மாட்டாராமே? கோதாவுல மட்டுந்தானா, வூட்லயுமா?"

பெண்கள் சிரித்தார்கள். ஜெயலட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். புருஷன் சொல்லிச் சொல்லிப் பார்த்த விளக்கமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கிரேக்கர், ரோமர், கோடு, விசில். அதில் ஒன்றும் இந்தக் கிணற்றடியில் செல்லாது என்று அவளுக்குத் தெரியும்.

"அது வேண்டுதல்" என்றாள்.

"என்ன வேண்டுதல்?"

"செறையில சாகக் கெடந்தாராம். உசுரோட ஊரு சேத்தியானா, எந்த மனுசனையும் இடுப்புக்குக் கீழ தொட்டுச் சண்டை போட மாட்டேன்னு சிறுவாச்சூர் காளிகிட்ட வேண்டிக்கிட்டாரு. அதான் கைக்கு வந்த காலை விட்டாரு. வேண்டுதல்ல இருக்குறவரைப் பாத்துச் சிரிச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதும்மா. சிரிக்கிறவங்க சிரிங்க."

சுந்தராம்பாளின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சட்டம் என்றபோது சிரித்த ஊர், வேண்டுதல் என்றதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. பூமாலை தெருவில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து அவன் நிழல் படும்படி நிறுத்தினார்கள். ஒரு கிழவர் அவன் வாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தான் சாம்பியன் என்பது கடைசியில் ஊருக்கு உறைத்துவிட்டது என்று நினைத்த பூமாலை, வாரை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தான். சாக்கில் உமியை அடைத்துப் புளிய மரத்தில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் கட்டிப்பிடித்துப் பழகினான். சாக்குக்குக் கால் இல்லை. அதுவரை அந்த ஊரில் அவனோடு சட்டப்படி ஆடியது அது ஒன்றுதான்.

மறு வருஷம் கோதாவில் அவன் பெயரைக் கூவினார்கள். எதிரே ஒருவரும் வரவில்லை. மறுபடி கூவினார்கள். கூட்டம் தரையைப் பார்த்தது. அமிர்தலிங்கம் எழுந்து வந்து, ஆடாமலேயே அவனுக்குப் பரிவட்டம் கட்டினார். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. தோல்வியே அறியாத சாம்பியன் ஒருவன் இப்படியாக நம் வட்டாரத்தில் உருவானான். சுதந்திரம் வந்த சமயம் அது. சண்டை போடாமலே ஜெயிப்பதை மக்கள் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூமாலை தர்மனை வண்டிப்பேட்டையில் மடக்கினான்.

"ஏன்டா வர மாட்டேங்குற? பயமா?"

"ஒன்னை நெனச்சு இல்லண்ணே. எனக்கு ரெண்டு புள்ளைங்க. வேண்டுதல்ல இருக்குறவனைக் கீழ தள்ளுனா அதுங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"எவன்டா வேண்டுதல்ல இருக்கான்?"

தர்மன் சொன்னான்.

வீட்டில் ஜெயலட்சுமி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பூமாலை நின்றபடியே கேட்டான்.

"நீ சொன்னியா?"

"சொன்னேங்க."

"அது வேண்டுதல் இல்ல, புள்ள. சட்டம்."

"சட்டம்னு நீங்க ஊரு பூரா சொன்னீங்களே, எவரு கேட்டாங்க?" கடலையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கோதாவுல விழுவீங்க. கெணத்தடியில நான் பதில் சொல்லுவேன். ஒருநா இந்தப் பதிலைச் சொன்னேன். அதோட கேக்குறது நின்னுபோச்சு."

பூமாலை அவள் எதிரில் உட்கார்ந்து தானும் கடலையை உரிக்க ஆரம்பித்தான். பொய் என்று ஊரில் சொன்னால், காளி பெயரில் பொய் சொன்னவள் என்று அவளை ஊர் தின்றுவிடும். சொல்லாவிட்டால் உமிச்சாக்குதான் கதி. உயிருள்ள ஒரு மனுஷனோடு, இடுப்புக்கு மேலே, ஒரே ஒரு ஆட்டம். அவனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். கைதியாக இருந்தபோது வேண்டிய மட்டும் கிடைத்தது, விடுதலையானபின் கிடைக்கவில்லை.

நாற்பத்தொன்பதில் ஒரு யோசனை வந்தது. வேண்டுதல் என்று ஒன்று இருந்தால் அதைக் கழிக்கவும் வழி இருக்குமே! சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். ஒரு திங்கட்கிழமை இருவரும் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

"இல்லாத வேண்டுதலைக் கழிச்சா சாமி ஏத்துக்குமாங்க?" ஜெயலட்சுமியின் கை தேங்காய்ப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"உள்ள வேண்டுதலையே எத்தினியோ பேரு கழிக்காம ஏமாத்துறான். நாம இல்லாததையே கழிக்கிறோம். சாமிக்கு இதுல என்ன நட்டம்?"

அவள் சிரிக்கவில்லை. சன்னிதியில் பூசாரி விவரம் கேட்டபோது அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சிறை, உயிர்ப்பயம், இடுப்பு என்று கிணற்றடியில் சொன்னதையெல்லாம் இம்முறை சம்பந்தப்பட்ட காளியின் முகத்துக்கு நேரேயே சொன்னாள். பூசாரி விபூதியை இட்டு, "நல்லபடியா ஊரு சேந்தாச்சுல்ல? கழிஞ்சுது, போங்க" என்றார். பூமாலை கும்பிட்டான். ஜெயலட்சுமி கண்ணைத் திறக்கவே இல்லை.

அந்த வருஷம் தர்மன் கோதாவுக்கு வரச் சம்மதித்தான். ஆட்டத்துக்கு முன்னால் பூமாலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"தர்மா, இடுப்புக்கு மேலதான். எனக்காவ."

"மேலதாண்ணே. என் புள்ளைங்க மேல ஆணை."

தர்மன் மனதாரத்தான் சொன்னான். கொஞ்ச நேரம் சொன்னபடியே ஆடவும் ஆடினான். நெஞ்சும் நெஞ்சும் முட்ட, தோளுக்குத் தோள் மல்லுக்கட்ட, இருவரும் ஒரே மரமாக நின்றார்கள். பூமாலையின் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை ஜெயலட்சுமி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவளைத் தவிர அதை யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்துக்குச் சலிப்புத் தட்டிவிட்டது.

"என்னாடா இது, அண்ணந்தம்பி கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்கிறாப்புல இருக்கு!"

"காலை வாருடா, தர்மா!"

"அதான் வேண்டுதல் கழிஞ்சுபோச்சுல்ல, புடி காலை!"

மிராசுதாரும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தினார். பூமாலை அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துத் தர்மனைத் தூக்கினான். தர்மன் அவன் தோளுக்கு மேலே போய்த் தலைகீழாகத் தொங்கினான். ஆணையெல்லாம் தரையில் நிற்கிறபோது நினைவில் இருக்கும். அந்தரத்தில் தொங்குகிறவனின் கைக்கு வழக்கம்தான் தெரியும். அது தானாக நீண்டு, தானாகப் பூமாலையின் காலைத் தேடிப் பிடித்தது. இரண்டு ஆள் கனம் ஒரு முழங்காலின் மேல் விழுந்தது. காய்ந்த விறகை மடக்கி ஒடித்தாற்போலச் சத்தம் கேட்டது.

பூமாலை முதலில் "தப்பு" என்றான். அப்புறம்தான் "அம்மா" என்றான்.

"கை தானாப் போயிடுச்சுண்ணே" என்று தர்மன் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதான். இந்தக் கதையில் அதைவிட உண்மையான பேச்சு எதுவும் இல்லை. ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. தர்மனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? வேண்டுதலைக் கழித்ததில் ஏதோ குறை. காளி காலை எடுத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொடாதவனின் இடுப்புக்குக் கீழேயே கை வைத்தாள் பார்த்தாயா, அவள் கணக்கே தனி! காளியின் எல்லை கல்லங்குறிச்சி வரை நீண்டிருப்பதில் ஊருக்குப் பெருமைகூட.

எலும்பு கட்டுகிறவர் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்தது, முழங்கால் அதன்பின் மடங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்த பூமாலைக்குக் காளி மேல் ஒரு வருத்தமும் கிடையாது.

"என்னாலதாங்க" என்றாள் ஜெயலட்சுமி. "அவ பேர்ல பொய்யச் சொன்னேன். அவ சன்னிதியிலயே போயி நின்னு இன்னொரு வாட்டியும் சொன்னேன்."

"தர்மன் புடிச்சான். தப்பு ஆட்டம். விசில் ஊத ஆளு இல்ல. இதுல நீ எங்க வந்த?"

அவன் எத்தனை தடவை சொன்னாலும் அது அவளுக்கு ஏறவில்லை. விசில் ஊத ஆளில்லாமல் ஒருவனுக்குக் கால் போகும் என்பதை நம்புவதைவிடத் தன் பாவத்தால் போயிற்று என்று நம்புவது அவளுக்குத் தாங்கும்படி இருந்தது. திங்களும் வெள்ளியும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பட்டினி கிடக்க ஆரம்பித்தாள். பொய்யாகச் சொன்ன வேண்டுதலுக்காக இப்போது நிஜமாகவே ஒரு வேண்டுதல். காட்டு வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

தினமும் விடிந்ததும் அவனைக் கட்டிலிலிருந்து எழுப்பி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் அவள் கால்மாட்டில் நின்று காலைத் தூக்கப் பார்த்தாள்.

"அங்க தொடாத" என்றான். "இடுப்புக்கு மேல. அக்குள் வழியா ரெண்டு கையையும் வுடு. முதுகுக்குப் பின்னால கையைக் கோத்துக்க. நெஞ்சோட நெஞ்சு. மூச்சை இழு. இப்பத் தூக்கு."

அவளுடைய எடையைப்போல இரண்டு மடங்கு இருந்தான். தூக்கினாள். மழைக்காலம் வந்து போயிற்று, பருத்தி வெடித்தது, தினமும் தூக்கினாள். பஞ்சாபிகளும் மராத்தியர்களும் பிடிபட்ட அதே பிடி. கூட்டமில்லை, கோதா இல்லை, மிராசுதார் இல்லை. கிரேக்கரும் ரோமரும் போட்ட சட்டம் அரியலூர்ப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது அந்த வீட்டில் மட்டும்தான்.

ஒருநாள் காலையில் பாதி தூக்கியபோது அவளுக்குக் கண் இருட்டியது. கையை விடவில்லை. அவனோடு சேர்ந்து கட்டிலிலேயே விழுந்தாள். அவன் கீழே, அவள் மேலே. கயிறு கிறீச்சிட்டு அடங்கியது. பூமாலை கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

"எங்கயாச்சும் பட்டுடுச்சாங்க?"

"ரெண்டு தோளும் பட்டுடுச்சு" என்றான். "நீ ஜெயிச்சுட்ட."

"வெளையாடாம எழுந்திரிங்க. களை எடுக்க ஆளுங்க வந்துடுவாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. இடுப்பைத் தடவிப் பெப்பேயின் வாரைக் கழற்றினான். எழுந்து எதிரில் நின்றவளைக் கிட்டே இழுத்து, புடவைக்கு மேல் சுற்றிக் கட்டினான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வார் நிற்காமல் நழுவியது. கடைசித் துளையில் மாட்டியும் நிற்கவில்லை. அன்று திங்கட்கிழமை, அவளுடைய பட்டினி நாள். தலைமாட்டில் கிடந்த கோணியூசியை எடுத்து, சாம்பியன் அதில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொடுத்தான்.